ஒரு டை முடிச்சுக்கு நீ வாங்கிய சத்தியம்

இன்று காலை என் மகன் நாலே நிமிஷத்தில் டை கட்டக் கற்றுக்கொண்டான்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தான். அதில் யாரோ ஒருவன் சிரித்த முகத்தோடு அகலமான முனையை ஒல்லியான முனையின் மேல் போட்டுக் காட்டினான். முதல் தடவை பிசகியது. இரண்டாம் தடவை சரியாக வந்துவிட்டது. வேலைக்கான நேர்முகத் தேர்வு, அதுவும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால். இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே கைலி. "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டான். புது டையின் வாசனை, பெட்டியிலிருந்து எடுத்ததும் வருமே அந்த வாசனை, அறை முழுக்க இருந்தது. "நல்லா இருக்குலே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். கோபம். அவன் மேல் இல்லை, உன் மேல்.

நாலு நிமிஷ வேலை. அதை நீ மூன்று வருஷம் எனக்குச் சொல்லித் தராமல் வைத்திருந்தாய். கடைசியில் சொல்லித் தந்தபோது அதற்குப் பதிலாக ஒன்றைக் கேட்டாய். நானும் பல்லை இளித்துக்கொண்டு கொடுத்தேன். இறந்துபோனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். இத்தனை வருஷமும் அப்படித்தான் பேசினேன். இன்று ஏசப் போகிறேன். பேசாமல் உட்கார்ந்து கேள்.

பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மா திரிந்த நம்மை மருந்து கம்பெனிகள் வேலைக்கு எடுத்துக்கொண்ட காலம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். நீ பாளையங்கோட்டைக்காரன், நான் தச்சநல்லூர். உன் கம்பெனி வேறு, என் கம்பெனி வேறு. நீ விற்றது ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. நான் விற்றது இருமல் மருந்தும் பிள்ளைகளுக்கான சத்து டானிக்கும். கனமான கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம், தென்காசி, கோவில்பட்டி என்று ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்க வேண்டும். நோயாளிகள் எல்லோரும் போன பிறகு நம்மை உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டு நிமிஷம் கொடுப்பார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்குக் கழுத்தில் டை இருக்க வேண்டும். நெல்லை வெயிலில் பனியன் போடுவதே தண்டனை, இதில் கழுத்தை இறுக்கி ஒரு துணி வேறு. பஸ்ஸில் போகும்போது சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வோம், ஆஸ்பத்திரி வாசலில் எடுத்து மாட்டுவோம்.

மாட்டுவோம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டுவோம் என்று சொன்னால் பொய். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் திங்கட்கிழமை காலையில் கூடும் நம் எட்டுப் பேரில், முடிச்சுப் போடத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். சர்ச்சில் பாடகர் குழுவில் நின்றபோது பழகிக்கொண்டாயாம். நீ கழுத்தில் வைத்துக் கட்டுகிறவன் இல்லை. வலது காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைப்பாய். தொடையைச் சுற்றி டையைப் போட்டு, விறுவிறுவென்று முடிச்சிட்டு, வளையத்தைத் தளர்த்திக் கால் வழியாக உருவிக் கையில் கொடுப்பாய். வாங்கியவன் தலை வழியாகப் போட்டு இழுத்துக்கொள்வான். அந்த முடிச்சை அதற்குப் பிறகு யாரும் அவிழ்ப்பதில்லை. சாயங்காலம் தளர்த்தி, தலை வழியாகவே கழற்றி ஆணியில் தொங்கவிடுவோம். மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். வேர்வையில் ஊறி, பிசுக்கேறி, தொளதொளவென்று ஆனதும் மறுபடி ஒரு திங்கட்கிழமை உன் முன்னால் போய் நிற்போம்.

"எனக்கும் சொல்லித் தாலே" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"எதுக்குலே? நான் இருக்கேன்லா" என்பாய்.

இந்த ஒரு வார்த்தையை வைத்து நீ ஊரையே வளைத்துப் போட்டிருந்தாய். என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றபோது "நான் இருக்கேன்லா" என்று வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தாய். டீக்கடை அண்ணாச்சிக்கு மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்றால் நீதான் அலைந்தாய். எவனுக்கு ரயில் டிக்கெட் வேண்டுமானாலும் நீ, எவன் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நாற்காலி போடுகிறவன் நீ. எல்லாம் சரிதான். ஆனால் உன்னிடமிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். உனக்கும் அதுதான் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நாலு பேர் உன் முன்னால் டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது உனக்கு ஒரு சுகம். இல்லை என்று சொல்லிப் பார்.

என் அம்மா என் டையைத் துவைத்த கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தாய்! மறுநாள் மதுரையிலிருந்து மேனேஜர் வருகிறார், நாள் முழுக்க என் கூடவே சுற்றப்போகிறார் என்று அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மகன் அழுக்கு டையோடு போகக் கூடாதே என்று அவள் அதை ஆணியிலிருந்து எடுத்திருக்கிறாள். முடிச்சை அவிழ்த்திருக்கிறாள். சோப்பில் ஊறவைத்துக் கும்மி, அதோடு விட்டாளா, அப்பாவின் வேஷ்டிக்குப் போடுகிற கஞ்சியிலேயே முக்கி எடுத்துக் கொடியில் காயப் போட்டுவிட்டாள். காலையில் எடுத்தால் டை அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. "நல்லா மடிப்புக் கலையாம நிக்கும்லா" என்று பெருமையாகக் கொடுத்தாள்.

அதைச் சுருட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு முதல் டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு ஓடி வந்தேன். நீ விடிவதற்கு முன்பே கோவில்பட்டிக்குப் போய்விட்டாய் என்று உன் அப்பா சொன்னார். அதை நானே எப்படியோ கழுத்தில் சுற்றிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபது நோயாளிகள் உட்கார்ந்திருக்க, அவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது? மாட்டுக்குக் கயிறு கட்டுன மாதிரி இருக்கு. இந்த ஒண்ணைக் கத்துக்க முடியாதவன் டாக்டர்கிட்ட என்னத்தைப் பேசப் போற?" என்றார். ஒரு கிழவி சத்தமாகவே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் உன்னிடம் வந்து கத்தினேன். "மூணு வருசமா கேக்கேன். உனக்கு அப்படி என்னலே கொறஞ்சு போகும்?" என்றேன். நீ அந்தக் கஞ்சி டையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். பிறகு காலைத் தூக்கி பெஞ்சில் வைத்தாய். உன்னிடம் ஸ்பேராக இருந்த ஒரு நீல டையை முடிச்சிட்டு என் தலை வழியாக நீயே மாட்டிவிட்டாய். "விடுலே. நான் இருக்கேன்லா." நானும் சிரித்துவிட்டேன். அதற்குத்தான் என் மேல் எனக்கு ஆத்திரம்.

இனி அம்பாசமுத்திரத்துக்கு வருகிறேன். நீ இதை மறந்திருந்தால் செத்த பிறகும் உனக்கு வெட்கமில்லை என்றுதான் அர்த்தம்.

அங்கே இருந்த வயதான டாக்டருக்கு நம் இருவரையும் பிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். நீ உன் படப் புத்தகத்தை விரித்து மாத்திரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். ரத்தக்கொதிப்பு சத்தம் காட்டாது, வலி காட்டாது, உள்ளேயே இருந்து ஆளைச் சாய்த்துவிடும் என்று நீ சொல்கிற அந்தப் பக்கம் வந்தபோது, இடது கையால் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டாய். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"அது கெடக்கட்டும் வே. கையை நீட்டும்" என்றார்.

"எனக்கா? எனக்கெதுக்கு டாக்டர்?"

"நீட்டும்னா நீட்டும்."

ஒரு தடவை பிரஷர் பார்த்தார். அடுத்த கையிலும் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு மூன்றாவது தடவை பார்த்தார். மேலே நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பத்து. "நீர் மாத்திரை விக்க வந்தீரா, வாங்க வந்தீரா வே?" என்று கேட்டுக்கொண்டே சீட்டு எழுதினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும். நாளைக்கின்னு சொல்லப்படாது. உம்ம அப்பாவையும் வந்து பாத்துக்கிடச் சொல்லும்" என்றார். நீ சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். முப்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தோம். டீ சொன்னோம். திடீரென்று நீ உன் டையைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து என் கையில் கொடுத்தாய். உன் டை அவிழ்ந்து கிடப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"காலைத் தூக்கி வையி. சொல்லித் தாரேன்."

"என்னலே திடீர்னு?"

"படிக்கணும்னு சொன்னேல்லா. படி."

நான் காலைத் தூக்கி வைத்தேன். அகலமான முனை நீளமாகத் தொங்க வேண்டும், ஒல்லி முனை குட்டையாக. அகலத்தை ஒல்லியின் மேல் குறுக்கே போடு. அடியில் கொண்டுபோய்ச் சுற்று. மறுபடி மேலே குறுக்கே கொண்டு வா. இப்போது தொடையைச் சுற்றிய வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே விடு. முன்னால் ஒரு மடிப்பு நிற்கிறதே, அதற்குள் நுழைத்துக் கீழே இழு. "பைய, பைய இழு. ஆட்டுக்கா கயிறு போடுத?" என்றாய். முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சின்னக் குழி விழச் செய்தாய். மூன்று தடவை எனக்கு ஒல்லி முனை நீளமாக வந்தது. நாலாவது தடவை சரியாக வந்தது. கால் வழியாக உருவி என் தலையில் மாட்டிக்கொண்டு, டீக்கடைக் கண்ணாடியில் பார்த்து நான் துள்ளிய துள்ளலை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அப்போதுதான் நீ சொன்னாய்: "இப்பம் நான் ஒண்ணு கேக்கேன். டாக்டர் சொன்னது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வீட்டுல மூச்சு விடாத."

"மதினிகிட்டகூடவா?"

"அவகிட்டதாம்லே சொல்லக் கூடாது. ஏழாம் மாசம். கேட்டா பயந்துருவா. பிள்ள பொறக்கட்டும், நானே சொல்லுதேன்."

"மாத்திரை?"

"பை நெறைய கெடக்கு. போடாம என்ன? சத்தியம் பண்ணு."

"நீ முதல்ல பண்ணு, மாத்திரை போடுதேன்னு."

"நாங்க பண்ணக் கூடாதுலே. பைபிள்ல போட்டிருக்கு. நீ பண்ணலாம்லா. உங்க அம்மா மேல பண்ணு."

எவ்வளவு சாமர்த்தியம்! உன் வேதத்தைச் சொல்லி நீ தப்பித்துக்கொண்டாய், என் அம்மாவைச் சொல்லி என்னை மாட்டவைத்தாய். கழுத்தில் புது முடிச்சோடு நான் உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். யோசித்தேனா? இல்லை. எனக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று வருஷம் கெஞ்சியும் தராததை ஒருவன் எதற்காக அன்றைக்கென்று தருகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஒரு பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து வாயை அடைப்பதுபோல் நீ என்னை அடைத்தாய், நானும் அடைபட்டேன்.

உனக்குப் பெண் பிறந்தது. "சொல்லிட்டியாலே?" என்று கேட்டேன். "ஞானஸ்நானம் முடியட்டும்" என்றாய். ஞானஸ்நானம் முடிந்தது. "கம்பெனியில மேனேஜர் ஆக்கப் போறாங்க. இந்த நேரத்துல நோயாளின்னு பேரு வந்துட்டா போச்சு" என்றாய். மாத்திரையைப் பற்றிக் கேட்டால், "போடுதேன்லே. நீ என்ன எனக்கு டாக்டரா?" என்று எரிந்து விழுந்தாய். அதே நேரத்தில் ஊர் ஊராக டாக்டர்களின் முன்னால் உட்கார்ந்து, நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய ஆபத்து என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் கேட்டேன். உன் குரலில் ஒரு சின்னப் பிசிறுகூட இல்லை.

இரண்டு வருஷம். பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். நீ மட்டும் அம்பாசமுத்திரம் போயிருந்தாய், நான் தென்காசிப் பக்கம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரமாகத் தலையைச் சாய்த்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று கண்டக்டர் விட்டுவிட்டார். ஜங்ஷனில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தட்டி எழுப்பியிருக்கிறார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் உன்னைத் தெரியாதவர்கள் யார்? டீக்கடை அண்ணாச்சிதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாய். பேசவில்லை.

உன் பையை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற மாத்திரை அட்டைகள். அடுக்கடுக்காக இருந்தன. ஒரு அட்டையில்கூட ஒரு மாத்திரை பிதுக்கப்படவில்லை. எல்லாவற்றையும் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு உன்னைக் கெட்ட வார்த்தையால் திட்டினேன். அப்போது நீ உயிரோடுதான் இருந்தாய். மாடியில்.

உங்கள் வழக்கப்படி உனக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டார்கள். வீட்டு நடுவில் பெட்டி. வெள்ளைச் சட்டை, கோட்டு எல்லாம் போட்டாயிற்று. உன் சித்தப்பா டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருக்குப்பா இதைக் கட்டத் தெரியும்?" என்று கேட்டார். சுவரோரமாக நாங்கள் ஏழு பேர் நின்றிருந்தோம். மரியாதைக்காக எல்லோரும் டையோடு வந்திருந்தோம். என்னைத் தவிர மற்ற ஆறு கழுத்திலும் கிடந்தது நீ போட்ட முடிச்சு. ஒருவருக்கும் கட்டத் தெரியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒருவன் பைய, "நம்ம கழுத்துல கெடக்கதக் கழத்திப் போட்டுருவமா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன். சித்தப்பாவின் கையிலிருந்து டையைப் பிடுங்கினேன். சாவு வீடு, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதிரியார் வந்துவிட்டார். நான் வலது காலைத் தூக்கி பெஞ்சில் வைத்தேன். அகலம் மேலே, அடியில் சுற்று, மறுபடி மேலே. முதல் தடவையே சரியாக வந்தது. உன் தலையை ஒரு கையால் தூக்கி மாட்டினேன். உன் தலை அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. முடிச்சை மேலே ஏற்றி, விரலை வைத்து அந்தக் குழியையும் போட்டேன்.

"நீ எப்பம்லே படிச்ச?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மதினியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சும்மா, பாத்துப் படிச்சதுதான்" என்றேன். உனக்காகச் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் பெண் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். நான் டை கட்டுகிற வேலையை விட்டுவிட்டு மருந்துக் கடை வைத்தேன். மதினி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் தன் புருஷன் போய்விட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், எச்சரிக்கை வந்தது எனக்குத் தெரியும் என்ற நினைப்பு பாளையங்கோட்டை பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்று மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலு நிமிஷ வித்தைக்கு இருபத்தைந்து வருஷம் வாயை மூடியது போதும் என்று தோன்றிவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், சத்தியம் இனி யாரையும் ஒன்றும் செய்யாது.

மதினி வராந்தாவில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி கொண்டு வந்தாள். நான் காப்பியைத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தேன். "மதினி, அவனுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. சாகுததுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாரு. நான் கூட இருந்தேன். உங்ககிட்ட சொல்லல. என்னை நீங்க என்ன வேணும்னாலும் ஏசுங்க" என்றேன்.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியுமே தம்பி" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"சட்டை துவைக்கும்போது சீட்டு கெடந்துச்சு. கேட்டேன். ஆமான்னு சொல்லிட்டாவ. நீங்கதான் தெனமும் காலம்பற ஜங்ஷன்ல வச்சு மாத்திரை எடுத்துக் குடுக்கியன்னு சொன்னாவ. வாயில போட்டு முழுங்குத வரைக்கும் பக்கத்துலயே நிப்பியளாமே. அவன்கிட்ட இதப் பத்திக் கேக்காத, எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான், வெளிய தெரிஞ்சா சங்கடப்படுவான்னு சொன்னாவ. அதனாலதான் நானும் ஒரு நாளும் கேட்டுக்கிடல."

என் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் கேட்டப்பகூட, தவறாம போடுதாவன்னுதான் சொன்னேன். உங்கள மாதிரி ஒரு ஆளு கிடைக்குமா தம்பி? கூடப் பொறந்தவன் செய்வானா? வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுக்கு அச்சு முறுக்கு குடுத்து விடுதேன்லா, அதை நான் வேற யாருக்கும் சுடுததில்ல. நீங்களும் போராடித்தான் பாத்திய. அவுக ஆயுசு அவ்வளவுதான்."

அடப்பாவி. இருபத்தைந்து வருஷமாக நான் அந்த முறுக்கைத் தின்றிருக்கிறேன். என் மகன் தின்றிருக்கிறான். நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கலாமே என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். என்னிடம் அவளுக்குச் சொல்லாதே என்றாய். அவளிடம் என்னைக் கேட்காதே என்றாய். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரையும் ஏமாற்றினாய். நான் உன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவளிடம் நீயே சொல்வாய் என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எங்கள் இருவரில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால், நீ இன்று கிழவனாகி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய்.

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். அவள் நன்றியோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு, உனக்காக இன்னொரு தடவை வாயை மூடுவதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல மதினி. நான் ஒரு நாள்கூட குடுக்கல. அவன் ஒரு மாத்திரைகூட போடல. பையை நான்தான் தொறந்து பாத்தேன். எல்லா அட்டையும் முழுசா கெடந்துச்சு."

அவள் கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் கையை அழுத்தித் துடைத்தாள். "படுபாவி மனுசன்" என்றாள் முதலில், மெதுவாக. பிறகு சத்தமாக. "இத்தன வருசமா நான் கர்த்தரைல்லா ஏசிக்கிட்டு இருந்தேன்! தெனமும் ஒழுங்கா மாத்திரை போட்ட மனுசனை எடுத்துக்கிட்டீரே, கைப்பிள்ளைக்காரியை இப்படி விட்டுட்டீரேன்னு. முழங்கால்ல நின்னு ஏசியிருக்கேன் தம்பி. கோயிலுக்குப் போகாமக்கூட இருந்தேன் ஒரு வருசம். இந்த மனுசனை ஒரு வார்த்தை ஏசினதில்லையே நான்!"

பிறகு ஏசினாள் பார். நீ கேட்டிருக்க வேண்டும். தினமும் நீ நெற்றியில் தேய்த்துக்கொண்ட தலைவலித் தைலத்தில் ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் ஓடியதை, பிரசவ நேரத்தில் தன்னை விட்டுவிட்டு எவனுக்கோ ரயில் டிக்கெட் எடுக்கப் போனதை, மேனேஜர் ஆவேன் மேனேஜர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததை, ஒன்றையும் விடவில்லை. அவள் நிறுத்திய இடத்தில் நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நடுவில் ஒரு தடவை மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் உன்னைத்தான் ஏசினாள். காப்பி ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொண்டு வந்தாள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. உன்னைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பதில் அதுதான் பெரிது, அதை நான் விடப்போவதில்லை. இவ்வளவு நாளும் ஒண்டியாக வைத்திருந்தேன், அதனால்தான் அது என்னைத் தின்றது.

வாசல்வரை வந்து மதினி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்துருவேன். பத்தரை மணிக்கு வந்துருங்க தம்பி. அவுகள ஏச வேண்டியது இன்னும் நெறைய கெடக்கு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.